கட்டிப்போட்ட தொட்டி

(பொறியியல் மாணவர்களும் பொதுமக்களும் கலந்துகொண்ட அரங்கில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



'வடிசாலை' என்ற சொல்லைக் கேட்டதும் முன்வரிசையில் இரண்டு பேர் சிரித்ததைக் கவனித்தேன். மதுவுக்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை, கண்டிக்கவும் வரவில்லை. உங்கள் வண்டியில் இன்று காலை நீங்கள் போட்ட பெட்ரோலில் எத்தனால் இருக்கிறது. அதுவும் ஒரு வடிசாலையில் காய்ச்சி இறக்கியதுதான். அந்த வடிசாலைக்குள் தானியம் நுழைவதிலிருந்து சரக்கு டேங்கர் லாரியில் ஏறுவது வரை எதை எங்கே எப்படி எடைபோடுகிறார்கள் என்பதுதான் இன்றைய பேச்சு.

எடை ஏன், லிட்டர் போதாதா என்று கேட்கலாம். ஆல்கஹாலை லிட்டரில் அளப்பது அத்தனை நம்பகமான காரியமல்ல. 50 மில்லி தூய ஆல்கஹாலில் 50 மில்லி தண்ணீரை ஊற்றினால் 100 மில்லி வராது, 96 அல்லது 97 மில்லிதான் வரும். எதுவும் சிந்தவில்லை, ஆவியாகவும் இல்லை. இரண்டு வகை மூலக்கூறுகளும் கலந்தபின் முன்பைவிட நெருக்கமாக அமர்ந்துகொள்கின்றன, அவ்வளவுதான். வடிசாலைக் கணக்கில் இது சின்ன விஷயமில்லை. 65 சதவீதச் சாராயம் 200 கிலோவை 40 சதவீதத்துக்கு இறக்க ஏறத்தாழ 143 கிலோ தண்ணீர் வேண்டும். கலப்பதற்கு முன் சாராயம் 223 லிட்டர், தண்ணீர் 143 லிட்டரும் கொஞ்சமும். கூட்டினால் 366. கலந்தபின் தொட்டியில் இருப்பது 362. நாலு லிட்டர் காணோம் என்று கணக்குப்பிள்ளை தலையைச் சொறிவார். கிலோவில் கூட்டிப்பாருங்கள்: 200-ம் 143-ம் 343. கலந்தபின்னும் அதே 343.

இதோடு வெப்பநிலையும் சேர்ந்துகொள்ளும். ஆல்கஹால் தண்ணீரைப்போல் நாலைந்து மடங்கு விரியும். 10,000 லிட்டர் செறிந்த சாராயம் வெயிலில் 10 டிகிரி சூடேறினால் நூறு லிட்டருக்கு மேல் 'கூடிவிடும்'. மாலையில் குளிர்ந்ததும் குறைந்துவிடும். தொட்டிக்குள் அளவுகோலை இறக்கி உயரம் பார்க்கும் பழைய முறையிலோ, 3 மீட்டர் விட்டமுள்ள தொட்டியில் ஒரு மில்லிமீட்டர் தவறாகப் படித்தால் 7 லிட்டர் தவறும். வரி வாங்குகிற அரசுக்கும் வரி கட்டுகிற முதலாளிக்கும் நடுவே இந்த நூறு லிட்டரும் ஏழு லிட்டரும் எத்தனை சண்டைகளை மூட்டியிருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

சண்டை பழையது. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் பிரிட்டிஷ் அரசு, சாராயத்துக்கு நியாயமாக வரி போடுவது எப்படி என்று ராயல் சொசைட்டி என்ற அறிவியல் கழகத்தைக் கேட்டது. அதன் சார்பில் சார்லஸ் பிளாக்டன் 1790இல் அறிக்கை கொடுத்தார். ஜார்ஜ் கில்பின் ஆல்கஹாலையும் தண்ணீரையும் பல விகிதங்களில் கலந்து, பல வெப்பநிலைகளில், பொறுமையாக நிறுத்து நிறுத்து அட்டவணை போட்டார். அளவைப் பார்க்காமல் எடையைப் பார்த்தார்கள் என்பதைக் கவனியுங்கள். 1818இல் வந்த சட்டமும், வரிக்கு அடிப்படையான 'புரூஃப்' சாராயம் எது என்பதை எடையால்தான் வரையறுத்தது: 51 டிகிரி ஃபாரன்ஹீட்டில், சம கொள்ளளவுள்ள தண்ணீரின் எடையில் 13இல் 12 பங்கு எடையுள்ளது எதுவோ அதுவே புரூஃப். இன்றைய கணக்கில் அது 57 சதவீதத்துக்குச் சற்றே மேல். நம்மூர் மதுப் பாட்டில்களில் 42.8 சதவீதம் என்று விநோதமான ஓர் எண்ணைப் பார்த்திருப்பீர்கள். (பார்த்ததில்லை என்பவர்களை நான் நம்புகிறேன்.) அந்தப் புரூஃபில் நூற்றுக்கு 75 பங்கு அது. இருநூறு ஆண்டுகளுக்கு முந்தைய லண்டன் சட்டம் இன்னும் நம் பாட்டில் லேபிளில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

எடைதான் சரி என்று அப்போதே தெரிந்திருந்தும், தொட்டிகளை ஏன் அளவுகோலால் அளந்துகொண்டிருந்தார்கள்? வேறு வழி இல்லை. பீப்பாயைத் தராசில் உருட்டி ஏற்றலாம். இருபது டன் தொட்டியை எந்தத் தராசில் வைப்பது? சாராயத்தில் மிதந்து அதன் செறிவைக் காட்டும் சைக்ஸின் ஹைட்ரோமீட்டரும் அளவுகோலும் அட்டவணைப் புத்தகமும் ஒன்றரை நூற்றாண்டு ஓடின.

தராசைத் தொட்டியின் காலடியில் நிரந்தரமாக வைத்துவிடும் வழி வேறொரு தொட்டியிலிருந்து வந்தது. 1938இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஆர்தர் ரூஜ் என்பவர், பூகம்பத்தின்போது உயர்நிலைத் தண்ணீர்த் தொட்டிகளுக்கு என்ன ஆகும் என்று மாதிரி செய்து ஆராய்ந்துகொண்டிருந்தார். மாதிரித் தொட்டியின் தகடு மெல்லியது. அதன் மேல் அன்றைய கருவிகளைப் பொருத்தினால் கருவியின் கனமே முடிவைக் கெடுத்துவிடும். மயிரிழை போன்ற கம்பியைத் தாளோடு சேர்த்துத் தகட்டில் ஒட்டினார். தகடு நீண்டால் கம்பியும் நீளும், நீண்டால் அதன் மின்தடை கூடும். மேற்குக் கரையில் கால்டெக்கில் எட்வர்ட் சிம்மன்ஸ் கிட்டத்தட்ட அதே நேரத்தில் தனியாக இதையே செய்திருந்தார். உலோகம் நீளும்போது மின்தடை மாறுகிறது என்பதைக் கிளாஸ்கோ பேராசிரியர் வில்லியம் தாம்சன், பின்னாளில் கெல்வின் பிரபு ஆனவர், 1856லேயே காட்டிவிட்டார். எண்பது ஆண்டுகள் அது பாடப்புத்தகத்தில் தூங்கிக்கொண்டிருந்தது. இன்னொரு வேடிக்கை: ரூஜின் கண்டுபிடிப்பை எம்.ஐ.டி.யின் குழு பரிசீலித்து, சுவாரசியமானதுதான், ஆனால் வணிக ரீதியில் பெரிதாக எதுவும் வராது என்று உரிமையை அவரிடமே விட்டுவிட்டது. இன்று லாரி எடைமேடையிலிருந்து மளிகைக் கடைத் தராசு வரை உள்ளே இருப்பது அதுதான்.

தொட்டியின் காலடியில் வைக்கும் எடைக்கருவிக்கு லோடு செல் என்று பெயர். அதன் உள்ளே ஓர் எஃகுக் கட்டை. ரூஜ் ஒட்டியது போன்ற உணரிகளை ஸ்ட்ரெயின் கேஜ் என்பார்கள்; கட்டையில் நான்கு ஸ்ட்ரெயின் கேஜ்களை ஒட்டி, மின்தடையின் நுண்ணிய மாற்றத்தைக் காட்டும் வீட்ஸ்டன் பிரிட்ஜ் சுற்றாக இணைத்திருப்பார்கள். சுமை ஏறினால் இரண்டு இழுபடும், இரண்டு நசுங்கும். அந்தச் சுற்றுக்கு 10 வோல்ட் கொடுத்தால், முழுச் சுமையில் மறுபக்கம் கிடைப்பது பெரும்பாலும் 20 மில்லிவோல்ட். ஒரு தொட்டி மூன்று கால்களில் நிற்கிறது, ஒவ்வொரு காலின் கீழும் 5 டன் லோடு செல் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றும் ஜங்ஷன் பாக்ஸில் சேர்கின்றன. 15 டன்னுக்கு 20 மில்லிவோல்ட் என்றால் ஒரு கிலோவுக்கு எவ்வளவு? ஒரு வோல்ட்டைப் பத்து லட்சம் பங்கு போட்டால் அதில் ஒன்றும் மூன்றில் ஒன்றும். இண்டிகேட்டர் பெட்டி அதையும் தடுமாறாமல் படித்துவிடுகிறது. மின்னணுவியல் தன் வேலையை எப்போதோ முடித்துவிட்டது. சந்தையில் விற்கும் நல்ல லோடு செல் முழுச் சுமையை 3,000 பங்காகப் பிரித்து நாணயமாகச் சொல்லும் என்று சர்வதேசத் தரச் சான்றோடு வருகிறது.

ஆனாலும் ஆலைகளில் தொட்டி எடை தவறிக்கொண்டேதான் இருக்கிறது. எந்த ஆலைக்குப் போனாலும் எனக்குக் கேட்கும் முதல் புகார், "சார், லோடு செல் டிரிஃப்ட் ஆகுது." காட்டும் எடை தானாக நகர்கிறதாம். பத்தில் எட்டு தடவை லோடு செல்லுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. தொட்டியைக் கட்டிப்போட்டிருப்பார்கள்.

எடைக்கருவி மேல் ஏறி நிற்பவர் பக்கத்துச் சுவரில் கையை ஊன்றிக்கொண்டால் என்ன காட்டும்? தொட்டிக்கும் அப்படிப்பட்ட கைகள் உண்டு. நிரப்பும் குழாய், வடிக்கும் குழாய், ஆவி போகும் குழாய், கழுவும் தண்ணீர்க் குழாய், பக்கத்து மேடையிலிருந்து தொட்டிமேல் யாரோ வசதிக்காகப் போட்டு வெல்ட் அடித்துவிட்ட ஒரு பலகை. லோடு செல் வேலை செய்ய அது கொஞ்சம் அமுங்கியாக வேண்டும். முழுச் சுமையில் அரை மில்லிமீட்டர் கூட இருக்காது. அந்த அரை மில்லிமீட்டரும் தொட்டிக்குச் சுதந்திரமாகக் கிடைக்க வேண்டும். தொட்டியோடு இறுக்கிய ஒரு குழாயை ஒரு மில்லிமீட்டர் வளைக்க 100 கிலோ விசை வேண்டும் என்றால், 0.4 மில்லிமீட்டர் அமுங்கும்போது 40 கிலோவை அந்தக் குழாய் தூக்கிக்கொள்ளும். லோடு செல் 40 கிலோ குறைவாகக் காட்டும். அது சொன்னது உண்மை. அதன் மேல் வந்த சுமை அவ்வளவுதான்.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. அந்த 40 கிலோ, சுமைக்குத் தக்கபடி சீராகக் கூடிக் குறைந்தால் பெரிய பாதகமில்லை. அளவுத்திருத்தம் செய்யும்போது அதையும் சேர்த்தே திருத்திவிடலாம். உண்மையான எதிரி சூடு. துருப்பிடிக்காத எஃகுக் குழாய் 5 மீட்டர் நீளம், 50 டிகிரி சூடேறினால் 4 மில்லிமீட்டருக்கு மேல் நீளும். வடிசாலையில் குழாய்கள் சும்மா குளிர்ந்து கிடப்பதில்லை. வெந்நீர் போகும், கொதிக்கும் கஞ்சி போகும், கழுவும்போது காரத் தண்ணீர் சூடாகப் போகும். காலையில் குளிர்ந்த குழாயோடு திருத்திய தொட்டி, மதியம் அந்தக் குழாய் நீண்டு தள்ளும்போது வேறு எடை காட்டும். இதை எந்தத் திருத்தமும் போக்காது, ஃபிட்டர்தான் போக்க வேண்டும். தொட்டிக்கு வரும் குழாய் கிடைமட்டமாக வரட்டும், அதன் முதல் தாங்கி தொட்டியிலிருந்து தள்ளி இருக்கட்டும், நடுவில் ஒரு வளையும் ஹோஸ் இருக்கட்டும்.

ஹோஸ் போட்டாயிற்று என்று நிம்மதியாகத் தூங்கிவிடாதீர்கள். அதைச் செங்குத்தாகப் போட்டால் இன்னொரு வம்பு. 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள பெல்லோஸ், அதாவது மடிப்புகள் கொண்ட வளையும் இணைப்பு, செங்குத்தாக நிற்கிறது, உள்ளே பம்பின் அழுத்தம் 2 பார் என்றால், குழாயின் குறுக்கு வெட்டுப் பரப்பு 78 சதுர சென்டிமீட்டருக்கு மேல். அழுத்தம் அதை ஏறத்தாழ 160 கிலோ விசையோடு மேலும் கீழும் தள்ளும். பம்பு ஓடும்போது தொட்டி திடீரென்று ஒன்றரை மூட்டை கனக்கும், நிறுத்தினால் இளைத்துவிடும். இதைப் பார்த்துவிட்டு ஆபரேட்டர் கருவியைத்தான் திட்டுவார்.

கால்களுக்கு வருவோம். மூன்று கால் தொட்டி தரையில் தானாகவே சரியாக உட்காரும். நான்கு காலானால் ஒரு கால் லேசாகத் தொங்கிக்கொண்டு சும்மா நிற்கலாம், ஷிம் தகடு வைத்துச் சமன்செய்ய வேண்டும். வட்டத் தொட்டிக்கு நான்கு கால் போடும் வழக்கம் ஏன் இன்னும் இருக்கிறது என்பது எனக்குப் புரிந்ததில்லை. ஆனால் திறந்தவெளியில் உயரமான தொட்டி என்றால், காற்று கவிழ்க்காமல் இருக்க நான்கு கால் நல்லது என்பதை ஒப்புக்கொள்கிறேன். தூக்கிக்கொள்ளும் தொட்டியைப் பிடித்து நிறுத்த போல்ட் வைப்பார்கள். அந்த போல்ட்டின் நட்டில் இடைவெளி விட வேண்டும். பராமரிப்புக்கு வந்த புதுப்பையன் 'லூசாக இருக்கிறதே' என்று ஸ்பேனரால் இறுக்கிவிட்டால் மறுபடியும் தொட்டி கட்டுப்பட்டது.

அடுத்து வெல்டர். தொட்டி நிறுவியபின் ஒரு பிராக்கெட் விட்டுப்போயிற்று என்று வெல்டிங் ராடோடு ஏறுவார். எர்த் கிளாம்பைத் தரையில் எங்கோ மாட்டியிருப்பார். நூறு ஆம்பியருக்கு மேல் மின்சாரம் தொட்டியிலிருந்து தரைக்குப் போக வழி தேடும். லோடு செல்தான் வழி. சில நொடிகளில் கேஜ்கள் கருகிவிடும். மின்னலும் இப்படித்தான் செய்யும். அதனால்தான் ஒவ்வொரு லோடு செல்லையும் சுற்றித் தடித்த செம்புப் பட்டை ஒன்றைப் போட்டு, மின்சாரத்துக்கு வேறு வழி காட்டிவிடுகிறோம். கட்டுமானம் முடியும் வரை லோடு செல் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் இரும்புக் கட்டையை வைத்துவிட்டு, கடைசி வெல்டர் கேட்டைத் தாண்டியபின் அசலை வைப்பது இன்னும் உத்தமம்.

வடிசாலைக்கென்றே உள்ள நிபந்தனை தீ. தூய எத்தனால் 13 டிகிரியிலேயே பற்றக்கூடிய ஆவியை விட்டுவிடும். நம் நாட்டில் அப்படியென்றால் ஏறக்குறைய எப்போதுமே. ஆகவே சாராயத் தொட்டிக்கு அடியில் போகும் கம்பியில் தீப்பொறி எழும் அளவு ஆற்றல் எந்தப் பழுதிலும் போகக்கூடாது. பேரியர் என்ற தடுப்புப் பெட்டியைக் கட்டுப்பாட்டு அறையில் வைத்து ஆற்றலைக் கட்டுப்படுத்துவார்கள். அதில் வோல்ட்டேஜ் கொஞ்சம் விழுவதால், லோடு செல்லின் காலடியில் உண்மையில் எத்தனை வோல்ட் வருகிறது என்று திரும்பப் படிக்கும் இரண்டு கம்பிகளைச் சேர்த்து ஆறு கம்பிக் கேபிள் போடுவது வழக்கம்.

இனி எனக்கு மிகவும் பிடித்த இடம், நொதிக்கும் தொட்டி. நம் ஊர்ப் பேச்சில் ஊறல். ஊறலுக்கு அடியில் லோடு செல் வைத்தால் ஒரு ரசாயனச் சமன்பாட்டைக் கண்ணால் பார்க்கலாம். 180 கிராம் குளுக்கோஸ், 92 கிராம் ஆல்கஹாலாகவும் 88 கிராம் கரியமில வாயுவாகவும் பிரிகிறது. வாயு வெளியே போய்விடுகிறது. அதாவது நொதித்தல் நடக்க நடக்கத் தொட்டி இளைக்கிறது. 10,000 லிட்டர் ஊறல் 8 சதவீத ஆல்கஹாலை எட்டுகிறது என்றால் அதில் உருவானது 800 லிட்டர், எடையில் 630 கிலோ. அதற்குத் துணையாக வெளியேறிய கரியமில வாயு 600 கிலோ. தண்ணீர் ஆவியும் கொஞ்சம் ஆல்கஹால் ஆவியும் கூடப் போகும், அது சொற்பம். ஆக, இரண்டு மூன்று நாளில் யாரும் வால்வைத் திறக்காமலேயே அரை டன்னுக்கு மேல் குறைகிறது. மாதிரி எடுத்து ஹைட்ரோமீட்டர் மிதக்கவிடும் வேலை சில மணி நேரத்துக்கு ஒரு முறை நடக்கும். லோடு செல்லோ நொடிக்கு நொடி சொல்கிறது. எடை வளைவு முன்கூட்டியே தட்டையானால் ஈஸ்ட் களைத்துவிட்டது, அல்லது தொட்டி சூடேறி அதைக் கொன்றுகொண்டிருக்கிறது. நள்ளிரவில் அந்த வளைவு தட்டையாவதைப் பார்த்து குளிர்நீரைத் திறந்துவிட்டால் ஒரு தொட்டி ஊறல் பிழைக்கும். எனக்குத் தெரிந்து பல ஆலைகள் இந்தக் கணக்கை எட்டிப் பார்ப்பதே இல்லை. தொட்டி நிரம்பியதா என்று மட்டும் பார்த்துவிட்டு மீதியை வீணாக்குகிறார்கள்.

கடைசியாகத் தானியம். பார்லி மால்ட்டோ, அரிசிக் குருணையோ, மக்காச்சோளமோ, தானியம் திரவம்போல் நடந்துகொள்வதில்லை. 1895இல் ஜெர்மன் பொறியாளர் யான்சன், மாதிரிக் குதிர்களில் தானியத்தைக் கொட்டி அடித்தளத்தின் மேல் எவ்வளவு எடை விழுகிறது என்று தராசில் பார்த்தார். ஓர் உயரத்துக்கு மேல் எவ்வளவு கொட்டினாலும் அடித்தள எடை ஏறக்குறைய ஏறவே இல்லை. தானியம் சுவரோடு உராய்ந்து தன் சுமையைச் சுவருக்குக் கொடுத்துவிடுகிறது. நமக்குப் பாடம்: குதிரின் அடித்தளத்தில் மட்டும் கருவியை வைத்தால் கணக்கு ஏமாற்றும். சுவரும் தளமும் சேர்ந்து இறங்கும் கால்களில், எல்லாக் கால்களிலும் வைக்க வேண்டும்.

அரைவைக்கு முன் தானியத்தை ஹாப்பரில் தொகுதி தொகுதியாக எடைபோடுவார்கள். 500 கிலோ வேண்டும் என்றால் 500 காட்டும்போது கதவை மூடக்கூடாது. கதவுக்கும் குவியலுக்கும் நடுவே அந்தரத்தில் விழுந்துகொண்டிருக்கும் தானியம் இன்னும் எடையில் சேரவில்லை. சில கிலோ முன்னதாகவே மூட வேண்டும். எத்தனை கிலோ என்பதைக் கட்டுப்பாட்டுப் பெட்டி முந்தைய தொகுதிகளைப் பார்த்துத் தானே கற்றுக்கொள்கிறது.

இவ்வளவையும் யார் சரிபார்ப்பது? இருபது டன் தொட்டிக்கு இருபது டன் எடைக்கல் எந்த ஊரிலும் கிடைக்காது. இருக்கிற ஒரு டன் கற்களைத் தொங்கவிட்டு, அளவைக் குறித்து, கற்களை இறக்கிவிட்டு அதே அளவு வரும் வரை தண்ணீர் விட்டு, மறுபடி கற்களை ஏற்றி, இப்படிப் படிப்படியாக உச்சி வரை போவார்கள். ஒரு நாள் முழுவதும் பிடிக்கும். ஆனால் இதைத் தொட்டி நிற்கும் இடத்திலேயே செய்தாக வேண்டும், வேறு ஊரில் செய்துகொண்டு வரக்கூடாது. லோடு செல் உணர்வது விசையை. எடின்பரோவில் திருத்திய கருவியை அப்படியே சென்னையில் வைத்தால், பூமத்திய ரேகைப் பக்கம் ஈர்ப்பு குறைவு என்பதால் 10 டன்னுக்கு முப்பது கிலோவுக்கு மேல் குறைத்துக் காட்டும். இறக்குமதி இயந்திரத்தோடு வரும் தொழிற்சாலைச் சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டி வைப்பவர்களுக்கு இதைச் சொல்லிப் பாருங்கள், நம்பமாட்டார்கள். நம் முத்திரை ஆய்வாளர் கல்லோடு நேரில் வந்து பார்ப்பதில் இப்படி ஓர் இயற்பியல் இருக்கிறது.

பின்வரிசையிலிருந்து ஒரு தம்பி சீட்டு அனுப்பியிருக்கிறார்: "தானியமும் எடை, சாராயமும் எடை என்றால் திருட்டைக் கண்டுபிடித்துவிடலாமா?" நல்ல கேள்வி. பாதிதான் முடியும். சாராயத் தொட்டியின் கிலோவை ஆல்கஹால் கணக்காக மாற்ற அடர்த்தியும் தெரிய வேண்டும். அதை ஹைட்ரோமீட்டரோ அடர்த்திமானியோ சொல்லிவிடும். தானியப் பக்கம்தான் ஓட்டை. அரிசியில் ஒரு டன்னுக்கு 450 லிட்டர் எத்தனால் என்று நிதி ஆயோக் கணக்குப் போட்டிருக்கிறது, மக்காச்சோளத்தில் 380. தினம் 100 டன் அரிசி அரைக்கும் ஆலையில் 45,000 லிட்டர் வர வேண்டும். எடைமேடை 100 டன் என்று துல்லியமாகவே காட்டுகிறது. அதில் ஈரம் 12 சதவீதமா 14 சதவீதமா? இரண்டே சதவீதம்தான், ஆனால் உலர்ந்த பொருளில் 2 டன், சாராயத்தில் நாளுக்கு ஆயிரம் லிட்டர். இந்த ஆயிரம் லிட்டருக்குள் எந்தத் திருட்டும் வசதியாக ஒளிந்துகொள்ளலாம், எந்த நல்ல மேலாளர் மேலும் அநியாயமாகப் பழி விழலாம். மக்காச்சோள வியாபாரிகளிடமும், எத்தனால் ஆலைகளோடு போட்டி போட்டு அதை வாங்கும் நாமக்கல் கோழிப்பண்ணைக்காரர்களிடமும் கேட்டுப் பாருங்கள். லாரி எடைமேடையில் நிற்கும்போது அவர்கள் எடைச்சீட்டைப் பார்ப்பதற்கு முன்பே குத்தூசியால் மூட்டையைக் குத்தி, மணியை ஈரமானியில் போட்டுவிடுவார்கள். தண்ணீரையும் தானியத்தையும் லோடு செல் பிரித்துப் பார்க்காது. இரண்டும் அதற்குக் கிலோதான்.

மற்ற சீட்டுகளையும் அனுப்புங்கள், ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.